நெப்போலியன் ஹில்லின் ‘திங்க் அண்ட் குரோ ரிச்’: இலக்கை எழுதவைக்கும் நூல், கணக்கைக் காட்டாத நூல்

1937ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த நெப்போலியன் ஹில்லின் ‘திங்க் அண்ட் குரோ ரிச்’ இன்னமும் விற்பனையில் இருக்கிறது. அதற்குப் பின் வந்த வெற்றி நூல்களைப் புரட்டிப் பார்த்தால், இலக்கை எழுதிவைக்கச் சொல்வது, அதற்கு நாள் குறிக்கச் சொல்வது, ஆழ்மனத்தை நம்பச் சொல்வது, ஒத்த நோக்கமுள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வது என்று அவற்றின் சரக்கில் பெரும்பகுதி இந்த நூலில் ஏற்கெனவே இருப்பது தெரியவரும். ஆகவே இத்தகைய அறிவுரையின் பலத்தையும் பலவீனத்தையும் எடைபோட விரும்புபவர் நேரே இதையே எடுத்து வாசிப்பது நல்லது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூல் வாங்கத் தகுந்தது. ஆனால் ஒரு வேலையைத் தொடங்கத் துணைசெய்யும் கையேடு என்ற அளவில் மட்டுமே. ஒருவர் ஏன் செல்வரானார், இன்னொருவர் ஏன் ஆகவில்லை என்பதற்கு இது தரும் விளக்கத்தை நம்பிப் பணத்தையோ வேலையையோ பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

நூல் செல்வத்தை நோக்கிய 13 படிகளாக அமைந்திருக்கிறது. தீராத விருப்பம், நம்பிக்கை, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுதல், துறை அறிவு, கற்பனை, திட்டமிடல், முடிவெடுத்தல், விடாமுயற்சி என்று தொடங்கி, ஆழ்மனம், மூளை, ஆறாம் அறிவு என்று முடிகிற வரிசை அது. இவற்றுள் முதற்படியாகிய விருப்பம் பற்றிய அதிகாரத்தில் வரும் ஆறு கட்டளைகளே நூலின் உயிர்நிலை. வேண்டிய தொகையைத் துல்லியமாகக் குறிப்பிட வேண்டும். அதற்கு ஈடாக எதைத் தரப்போகிறோம் என்று தீர்மானிக்க வேண்டும். தொகை கைக்கு வர வேண்டிய நாளைக் குறிக்க வேண்டும். திட்டம் வகுத்து, ஆயத்தமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே தொடங்கிவிட வேண்டும். இவை அனைத்தையும் ஒரு தாளில் எழுத வேண்டும். எழுதியதை இரவு உறங்கும் முன்னும் காலையில் எழுந்ததும் உரக்கப் படித்து, அந்தப் பணம் ஏற்கெனவே தன்னிடம் இருப்பதாகவே உணர வேண்டும்.

இந்த ஆறையும் ஒரே மூச்சில் ஏற்பதோ ஒரே மூச்சில் எள்ளுவதோ சரியல்ல. முதல் ஐந்து கட்டளைகளும் பிற்கால உளவியல் ஆய்வுகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. எட்வின் லாக், கேரி லேதம் ஆகிய இருவரும் பல பத்தாண்டுகளாகச் செய்த இலக்கு பற்றிய ஆய்வுகள், ‘முடிந்த அளவு செய்’ என்று பொதுவாகச் சொல்லப்பட்டவர்களைவிட, குறிப்பான, சற்றே கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று காட்டின. எந்தச் சூழலில் எதைச் செய்வேன் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பவர், வெறும் நோக்கத்தோடு நிற்பவரைவிட அதை நிறைவேற்றும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பீட்டர் கோல்விட்ஸர் 1999இல் தொகுத்து எழுதினார். ஹில்லிடம் இப்படிப்பட்ட சோதனைகள் எதுவும் இல்லை. ஆயினும் விற்பனையாளர்களையும் தொழிலதிபர்களையும் பார்த்துப் பழகிய அனுபவத்தில் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். குறிப்பாக இரண்டாம் கட்டளை எனக்குப் பிடித்தமானது. எதையும் கொடுக்காமல் எதையும் பெற முடியாது என்று ஹில் கண்டிப்பாகச் சொல்கிறார். அவரைப் பின்பற்றியதாகச் சொல்லிக்கொள்ளும் பிற்கால எழுத்துகள் பலவற்றில் முதலில் காணாமற்போவது இந்தக் கட்டளைதான். கேட்டால் போதும், பிரபஞ்சம் தந்துவிடும் என்ற பேச்சு அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சிக்கல் ஆறாம் கட்டளையில் இருக்கிறது. எழுதியதைத் தினமும் எடுத்துப் படிப்பதில் கேடு ஒன்றும் இல்லை. வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்து மகிழ்வது வேறு காரியம். காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் தாமஸ் வாடனுடன் சேர்ந்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்ந்திருந்த பெண்களில், தம்மால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாக எடை குறைந்தனர். மெலிந்துவிட்ட தம் உருவத்தை இனிமையாகக் கற்பனை செய்து திளைத்தவர்களோ குறைவாகவே எடை இழந்தனர். வேலை தேடும் பட்டதாரிகளைப் பற்றி டோரிஸ் மேயருடன் சேர்ந்து அவர் 2002இல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி கனவு கண்டவர்கள் குறைவான விண்ணப்பங்களை அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களுக்கு வந்த வேலை வாய்ப்புகளும் குறைவு, ஊதியமும் குறைவு. கற்பனையிலேயே பலனைச் சுவைத்துவிட்ட மனம் அதற்காக உழைக்கும் அவசரத்தை இழந்துவிடுகிறது என்பது ஓட்டிங்கனின் விளக்கம். அவர் தரும் மாற்று வழி, விரும்பியதைக் கற்பனை செய்தவுடன் அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் சேர்த்தே நினைத்துப் பார்ப்பது. ஹில்லின் தாளில் தடைக்கென்று ஒரு வரி கிடையாது. இந்த நூலைப் பயன்படுத்துபவர் அந்த வரியைத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏழாம் கட்டளை என்று வைத்துக்கொள்ளலாம்.

தன்னம்பிக்கை வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது பற்றிய அதிகாரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஜோஆன் வுட் என்ற கனடா நாட்டு உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றி ஏற்கெனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அத்தகைய வாசகங்கள் சிறிதளவு உதவின. தம்மைத் தாழ்வாக எண்ணியவர்களுக்கோ மனநிலை முன்பைவிட மோசமாயிற்று. மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை.

நூலில் என்னைப் பெரிதும் கவர்ந்த பகுதி, அதைப் பற்றிப் பேசுபவர்கள் ஏறத்தாழ யாருமே குறிப்பிடாத ஒன்று. திட்டமிடல் அதிகாரத்தின் நடுவே, வேலைக்கு விண்ணப்பிக்கும் முறையை ஹில் பக்கம் பக்கமாக விவரிக்கிறார். கல்வியையும் அனுபவத்தையும் எப்படி எழுதுவது, யாரிடமிருந்து பரிந்துரை பெறுவது, பொதுவாக ஏதேனும் வேலை என்று கேட்காமல் குறிப்பிட்ட பணியின் பெயரைச் சொல்லிக் கேட்பது ஏன் நல்லது, சேரப்போகும் நிறுவனத்தின் தொழிலைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது எப்படி, தேவைப்பட்டால் சில காலம் சோதனை முறையில் வேலை செய்ய முன்வருவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அதே அதிகாரத்தில், ஆண்டுக்கொருமுறை தன் பணியைத் தானே மதிப்பிட்டுக்கொள்வதற்கான நீண்ட கேள்விப் பட்டியலும் இருக்கிறது. பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1933இல், அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. 1937இலும் நாடு முழுமையாக மீண்டிருக்கவில்லை. அந்தக் கால வாசகரின் கையில் இந்தப் பக்கங்கள் என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், நூலின் நீடித்த கவர்ச்சிக்கு ஒரு காரணம் விளங்கும். வங்கி மூடியதும் ஆலை நின்றதும் அவர் கையில் இல்லாத காரியங்கள். ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்து இன்றிரவே செய்யக்கூடிய ஒன்றை இந்த நூல் அவருக்குக் கொடுத்தது. எந்த நாட்டில் எந்தக் காலத்தில் வேலைச் சந்தை நிலைகுலைந்தாலும் இத்தகைய நூல்களுக்குத் தேவை எழுவதற்கு அடிப்படை இதுவே என்று நினைக்கிறேன். அதை ஏளனம் செய்யத் தேவையில்லை.

இனி கதைகளுக்கு வருவோம். கதைகளே இந்த நூலை விற்கின்றன. நூலின் வாதம் தள்ளாடுவதும் அவற்றில்தான். மிகவும் புகழ்பெற்றது டார்பி என்பவரின் தங்கச் சுரங்கக் கதை. டார்பியின் சித்தப்பா கொலராடோவில் தங்கம் கண்டுபிடிக்கிறார். உறவினரிடமும் அயலாரிடமும் பணம் திரட்டி இயந்திரங்களை வாங்குகிறார்கள். சில வண்டிச் சுமை தாது கிடைத்ததும் தங்க ரேகை திடீரென்று மறைந்துபோகிறது. தோண்டித் தோண்டிப் பார்த்துவிட்டு, இயந்திரங்களைச் சில நூறு டாலருக்குப் பழைய இரும்பு வாங்குபவரிடம் விற்றுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். வாங்கியவர் ஒரு சுரங்கப் பொறியாளரை அழைத்து வருகிறார். பாறையடுக்குகளின் பிளவுப் பெயர்ச்சியைக் கணக்கிட்ட பொறியாளர், ரேகை மூன்றடிக்கு அப்பால் தொடர்கிறது என்கிறார். அவ்வாறே தங்கம் கிடைக்கிறது. தோல்வியைக் கண்டு விலகாதே என்பதற்கு ஹில் இக்கதையைச் சொல்கிறார். மேடைப் பேச்சாளர்களும் இன்றுவரை அப்படியே சொல்லிவருகிறார்கள்.

கதையைச் சற்று நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. டார்பி குடும்பத்தாரிடம் விடாமுயற்சிக்குக் குறைவில்லை; ரேகை மறைந்த பிறகும் அவர்கள் தோண்டினார்கள். அவர்களிடம் இல்லாதது புவியியல் அறிவு. பழைய இரும்புக்காரரோ விடாமுயற்சி எதுவும் காட்டியதாகக் கதையில் இல்லை. தெரிந்தவரை அழைத்துக் கேட்டார், அவ்வளவே. பொறியாளர் வந்து பார்த்து, இங்கே இனி ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால், விலகுவதே அறிவுடைமையாக இருந்திருக்கும். எத்தனையோ சுரங்கங்களில் மூன்றடிக்கு அப்பாலும் முந்நூறு அடிக்கு அப்பாலும் பாறையே இருந்திருக்கும். அங்கே கடைசிக் காசு வரை தோண்டியவர்களின் கதையை யாரும் எழுதிவைக்கவில்லை. நியாயமாகச் சொல்வதானால், நிபுணரின் ஆலோசனையை நாடியதே அந்த இரும்புக்காரருக்குப் பயன் தந்தது என்று ஹில்லே ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அத்தோடு அதை விட்டுவிட்டு மன உறுதிக்குத் தாவிவிடுகிறார். கையில் இருந்த நல்ல பாடத்தைத் தவறவிட்டு, கேட்பதற்கு இனிமையான பாடத்தை எடுத்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

ஹில்லின் மகனைப் பற்றிய பகுதியிலும் இதே வழுவல் நிகழ்கிறது. செவிமடல்கள் இல்லாமல் பிறந்த அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுதும் கேட்கவோ பேசவோ இயலாமற்போகலாம் என்று மருத்துவர் கூறுகிறார். தந்தை அதை ஏற்க மறுக்கிறார். சைகை மொழி கற்றுக்கொடுக்க மறுத்து, மற்றக் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கே அனுப்புகிறார். காதின் பின்புறத்து எலும்பில் உதடு படும்படி பேசினால் மகனுக்குத் தெளிவாகக் கேட்கிறது என்பதையும் கண்டுபிடிக்கிறார். மகன் இசைத்தட்டுப் பெட்டியின் விளிம்பைப் பல்லால் கடித்தபடி இசை கேட்பதாக வரும் காட்சி உள்ளத்தைத் தொடுகிறது. எலும்பின் வழியே ஒலி கடத்தப்படும் என்பது அன்றே அறியப்பட்ட இயற்பியல். இறுதியில், கல்லூரிப் படிப்பு முடியும் தறுவாயில், சோதித்துப் பார்ப்பதற்காக வந்துசேர்ந்த ஒரு மின் செவிக்கருவியை அணிந்தபோதுதான் மகன் முதன்முறையாக இயல்பாகக் கேட்கிறார். ஒரு தந்தையின் பிடிவாதமும் ஒரு கருவியின் வருகையும் சேர்ந்து தந்த பலன் இது. நூலோ விருப்பம் என்ற ஒன்றுக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிடுகிறது. அதே அளவு விருப்பம் கொண்டிருந்தும் பலன் காணாத பெற்றோர் இந்தப் பக்கங்களைப் படித்தால் தம்மைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வார்கள் என்ற கேள்வி ஹில்லுக்குத் தோன்றவில்லை.

எஃகுத் தொழில் பற்றிய பகுதியும் இப்படித்தான். 1900 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கில் நடந்த விருந்தொன்றில் கார்னகி எஃகு நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் ஷ்வாப் ஆற்றிய உரை வங்கியாளர் ஜே. பி. மார்கனின் மனத்தில் பதிந்து, அடுத்த ஆண்டு யு. எஸ். ஸ்டீல் நிறுவனம் உருவாக வழிவகுத்ததை, ஒரு மனிதரின் எண்ணமே பெருஞ்செல்வமாக மாறியதற்குச் சான்றாக நூல் நிறுத்துகிறது. உரை நடந்தது உண்மை. அதன் உரிமையாளரான ஆண்ட்ரூ கார்னகி தம் நிறுவனத்தை 1901இல் 48 கோடி டாலருக்கு விற்றதும் உண்மை. ஆனால் அந்த நிறுவனம் அவ்வளவு பெறுமானம் அடைந்ததற்குப் பின்னால் பெருகிக்கொண்டே போன ரயில் பாதைகளின் எஃகுத் தேவை இருந்தது. எஃகின் விலையைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்த பெஸ்ஸமர் உலை இருந்தது. வெளிநாட்டு எஃகைத் தடுத்த சுங்க வரி இருந்தது. இளவயதில் கார்னகிக்கு முதலீட்டின் வாசலைத் திறந்துவிட்ட ரயில்வே அதிகாரி தாமஸ் ஸ்காட் இருந்தார். 1892இல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் உயிர்ப்பலியோடு ஒடுக்கப்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தமும் இருந்தது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது எண்ணம் என்பதால், எண்ணமே காரணம் என்று தோன்றிவிடுகிறது. தம் வெற்றிச் சூத்திரத்தை 1908இல் கார்னகியே நேரில் ஒப்படைத்ததாக ஹில் வாழ்நாள் முழுதும் கூறிவந்தார்; அதற்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு ஆவணச் சான்று எதுவும் வெளிவரவில்லை என்பதையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எனக்கு இந்த நூலோடு உள்ள உண்மையான வழக்கு இந்தக் கதைகள்கூட அல்ல. அது தோல்விக்குக் கணக்கு எழுதும் முறையைப் பற்றியது. ஹில் தோற்றவர்களையும் ஆராய்ந்ததாகச் சொல்கிறார். ஓரிடத்தில் 25,000 பேரை ஆராய்ந்ததாகவும் எழுதுகிறார். ஆனால் அவர்களுள் தீராத விருப்பமும் திட்டமும் விடாமுயற்சியும் வைத்திருந்தும் தோற்றவர்கள் எத்தனை பேர் என்று எங்குமே காட்டவில்லை. காட்டவும் முடியாது, ஏனென்றால் தோற்றவரின் விருப்பம் போதிய அளவு தீவிரமாக இருக்கவில்லை என்று பிறகு சொல்லிவிடலாம். எந்தப் பலன் வந்தாலும் சூத்திரம் பிழைத்துக்கொள்ளும், மாட்டிக்கொள்பவர் வாசகரே. நூலின் இறுதியில், பணம் இருந்திருந்தால், படிப்பு இருந்திருந்தால், காலம் நன்றாக இருந்திருந்தால் என்று தொடரும் 57 சாக்குகளின் பட்டியல் ஒன்று வருகிறது. அவற்றுள் பல சாக்குகள்தாம் என்பதை மறுக்கவில்லை. நம்மில் பலரும் சொல்லிப் பழகியவை. ஆனாலும் பணமின்மையும் படிப்பின்மையும் கெட்ட காலமும் அந்தப் பட்டியலில் அடைக்கப்பட்ட மாத்திரத்தில் இல்லாமற்போய்விடுவதில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரம் நினைவுக்கு வராமல் இருக்காது. முயற்சியை ஹில்லுக்குச் சற்றும் குறையாமல் வலியுறுத்தும் அந்த அதிகாரத்திலேயே, ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி’ என்ற குறள் நிற்கிறது. நல்லூழ் வாய்க்காதது யாருக்கும் பழியாகாது, அறிய வேண்டியதை அறிந்து முயலாமையே பழி என்று, முயற்சியின் எல்லையும் பொறுப்பின் எல்லையும் ஒரே மூச்சில் வகுக்கப்பட்டுவிடுகின்றன. ஹில்லிடம் இந்த முதற்பாதி இல்லை. ‘அறிவறிந்து’ என்ற நிபந்தனையும், டார்பியின் சுரங்கத்தில் நாம் பார்த்தபடி, கதைக்குள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது.

நூலாக வாசிக்கும் அனுபவத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். நடை எளியது, ஆனால் கூறியது கூறல் மிகுதி. வாசகரைத் தட்டி எழுப்பும் மேடைக் குரல் எல்லாப் பக்கங்களிலும் ஒலிக்கிறது. பாலுணர்வு ஆற்றலை வேறு திசையில் திருப்புவது பற்றிய அதிகாரத்தையும், மூளைகள் ஒன்றோடொன்று அலைவரிசையில் பேசிக்கொள்வது பற்றிய பக்கங்களையும் ஆர்வத்துக்காகப் படிக்கலாமே தவிர, அவற்றில் எடுத்துப் பயன்படுத்த ஒன்றும் இல்லை. லிங்கன், எடிசன், டார்வின் முதலிய ஒன்பது பேரைக் கற்பனையில் கூட்டி வைத்து ஹில் இரவுதோறும் ஆலோசனைக் கூட்டம் நடத்தும் பகுதி விந்தையானது. அந்தக் கற்பனை உறுப்பினர்கள் தாமாகவே பேசவும் நடக்கவும் தொடங்கிவிட்டதால் அச்சமுற்றுச் சில மாதங்கள் கூட்டத்தை நிறுத்திவைத்ததாக அவரே எழுதுகிறார். வெற்றியாளர் வரிசையில் நிற்பவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். பெண்கள் பெரும்பாலும் கணவரை ஊக்குவிக்கும் மனைவியராகவே வருகிறார்கள். காலத்தின் குறை என்று ஒதுக்கிவிடலாம் என்றாலும், வாசகர்களில் பாதிப் பேருக்கு அது உறுத்தவே செய்யும். இதற்கு நேர்மாறாக, நோக்கம் ஒத்த சிலர் வாரத்தில் இருமுறையேனும் கூடிப் பேச வேண்டும் என்ற ஆலோசனை முற்றிலும் நடைமுறைக்கு உகந்தது. தனியாக எடுத்த தீர்மானத்தைவிட, நாளை யாரேனும் கேட்பார்கள் என்று தெரிந்து எடுத்த தீர்மானம் நிலைக்கும்.

வாங்குபவர்களுக்கு ஒரு யோசனை. முழு நூலையே வாங்குங்கள். சுருக்கப் பதிப்புகளையும் பத்து நிமிட ஒலிச் சுருக்கங்களையும் தவிர்ப்பது நல்லது. சுருக்குபவர்கள் பெரும்பாலும் ஆழ்மனத்தையும் தங்கச் சுரங்கத்தையும் வைத்துக்கொண்டு, விண்ணப்பம் எழுதும் பக்கங்களையும் கேள்விப் பட்டியலையும் வெட்டிவிடுகிறார்கள். வாசிக்கும்போது திட்டமிடல் அதிகாரத்தில் தொடங்கி, துறை அறிவு, முடிவெடுத்தல், விடாமுயற்சி ஆகியவற்றை முடித்துவிட்டு, அதன் பிறகு முதலிலிருந்து வரலாம். பரிசாகக் கொடுப்பதானால், படிப்பை முடித்துவிட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவருக்கும், ஒரு திட்டத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு வருபவருக்கும் இது உதவும். முழு மூச்சாக உழைத்தும் தொழிலை இழந்து கடனில் நிற்பவருக்கு இப்போது இதைக் கொடுக்க வேண்டாம். அவருக்கு உடனடியாகத் தேவைப்படுவது வரவு செலவைப் பார்த்து, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று சொல்லத் தெரிந்த ஒருவர்.